எதிர்முனை முதலில்

வலியசாலை, திருவனந்தபுரத்தில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் ஒன்று. கோடை விடுமுறையில் இங்குள்ள குடும்பங்கள் நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ தொடர்வண்டியில் சென்றுவிட்டால், வீட்டு வாயிலில் மகிழுந்து பல வாரங்கள் ஓடாமல் நிற்கும். நிற்கும் வண்டியிலும் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் சிறிதளவு மின்சாரத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். ஊர் திரும்பியதும் வண்டி கிளம்பாது. இதனைத் தவிர்க்கவே பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைப்பர். நேர்முனையை விடுத்து எதிர்முனையை முதலில் கழற்றுவது ஏன்?

மகிழுந்தின் பாட்டரியில் ஆறு மின்கலங்கள் தொடராக இணைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட் அளிப்பதால் மொத்தம் 12 வோல்ட் கிடைக்கிறது. ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும் கொண்ட இவ்வகை மின்கலத்தை 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். 12 வோல்ட் மின்சாரம் உலர்ந்த கையைத் தொட்டால் அதிர்ச்சி தருவதில்லை. அதனால்தான் பலரும் அலட்சியமாக இருக்கின்றனர். ஆனால் தடையற்ற பாதை கிடைத்தால் இதே பாட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாயும்.

அந்தப் பாதை எவ்வாறு உண்டாகிறது? எதிர்முனைக் கம்பியின் மறுமுனை வண்டியின் இரும்பு உடலோடு பொருத்தப்பட்டுள்ளது. எனவே வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையின் நீட்சியே ஆகும். நேர்முனையை முதலில் கழற்ற முயலும்போது ஸ்பேனர் தவறி வண்டியின் உடலிலும் பட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். ஸ்பேனர் நொடியில் பழுக்கக் காயும்; விரலில் மோதிரம் இருந்தால் அதுவும் சுடும். பாட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வாயுவில் தீப்பொறி பட்டால் பாட்டரி வெடித்து அமிலம் தெறிக்கவும் கூடும். எதிர்முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டாலும் தீங்கில்லை. இரண்டும் ஒரே முனைதானே! அது கழன்றபின் நேர்முனையைத் தொடும் கருவி உடலில் பட்டாலும் சுற்று நிறைவுறாது.

இப்பணி பெரியவர்களுக்குரியது, சிறுவர் தள்ளி நின்று காணலாம். முதலில் இயந்திரத்தையும் விளக்குகளையும் நிறுத்தி, சாவியை வெளியே எடுத்துவிட வேண்டும். (சாவியை உள்ளே வைத்துவிட்டு மின்பூட்டை நம்பியவர் பின்னர் வருந்துவார்.) மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி, கண்ணாடியும் கையுறையும் அணிதல் வேண்டும். கழித்தல் குறியுள்ள முனையைக் கண்டறிந்து, அதன் மரையைத் தளர்த்தி, கவ்வியை மெல்ல அசைத்து உயர்த்த வேண்டும், சுத்தியலால் தட்டலாகாது. கழன்ற கம்பி மீண்டும் முனையில் படாதவாறு உலர்ந்த துணியைச் சுற்றி ஒதுக்கி வைக்க வேண்டும்.

பழைய பிரித்தானிய வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. அவற்றில் நேர்முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். உடலோடு இணைந்த முனை எதுவோ, அதுவே முதலில் கழல வேண்டியது. இணைக்கும்போது வரிசை தலைகீழாகும். அம்முனை இறுதியில் சேரும். அப்போது சிறு பொறி தோன்றுவது இயல்பு. கடிகாரத்தில் நேரத்தை மீண்டும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.