வலைப்பின்னலில் அயற்கருவி

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஜெட் உந்து ஆய்வுக்கூடம் கலிபோர்னியாவில், பாசடேனா நகரின் அருகே உள்ளது. செவ்வாய்க்கு ஊர்திகளை அனுப்பி, இங்கிருந்தே அவற்றை இயக்கும் ஆற்றல் படைத்த நிலையம் அது. அந்நிலையத்தின் வலைப்பின்னலில் ராஸ்பெரி பை என்னும் சின்னஞ்சிறு கணினி ஒன்று அனுமதியின்றி இணைக்கப்பட்டிருந்தது. கள்வர் அதனையே வாயிலாகக் கொண்டனர். 2018 ஏப்ரலில் களவு வெளிப்பட்டது. அதற்குள் அவர்கள் ஏறத்தாழ பத்து மாதங்கள் உள்ளே உலவி, 500 மெகாபைட் அளவிலான தகவல்களைக் கவர்ந்து சென்றிருந்தனர். நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019 ஜூனில் வெளியிட்ட அறிக்கை சுட்டிய குறைகளுள் ஒன்று மிக எளியது. இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் முழுமையாக இல்லை. உள்ளவை எவை என்று தெரியாத இடத்தில், புதிதாக வந்தது எது என்று எவ்வாறு அறிவது?

அலுவலகத்தில் கணினி, அச்சு யந்திரம், தொலைபேசி முதலியவற்றின் கம்பிகள் வந்து சேரும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். (விளக்கை ஏற்றும் சுவிட்ச் வேறு, இது வேறு.) கம்பி செருகும் துளைகள் போர்ட் எனப்படும். தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிக்கும் ஊழியரைப் போல, வரும் செய்தியை உரிய துளைக்கு அனுப்புவதே இப்பெட்டியின் தொழில். அதன்பொருட்டு ஒவ்வொரு கருவியின் மேக் முகவரியையும் அது குறித்துக்கொள்கின்றது. இம்முகவரி 48 பிட் நீளமுடையது; 12 குறிகளாக எழுதப்பெறும். பொதுவாக முற்பாதி உற்பத்தியாளரையும் பிற்பாதி தனிக் கருவியையும் காட்டும்.

இந்தக் குறிப்பேட்டையே காவலுக்கும் பயன்படுத்தலாம். இன்ன துளையில் இன்ன முகவரிதான் இருக்கலாம் என்று நிர்வாகி கட்டளையிடுகின்றார். வேற்று முகவரி தோன்றினால் சுவிட்ச் செய்தியை ஓசையின்றித் தள்ளிவிடலாம். தள்ளிவிட்டு நிர்வாகிக்கு அறிவிக்கலாம். அல்லது துளையையே அடைத்துவிடலாம். முதலாவது தடுக்குமேயன்றிக் கண்டறியாது. அயலான் வந்த செய்தியே எவருக்கும் எட்டாது. மூன்றாவதோ கடுமையானது. ஊழியர் தம் கணினியுடன் மேசை மாறி அமர்ந்தாலும் இணைப்பு அறுபடும். ஓயாத முறையீட்டால் சலிப்புற்று, நிர்வாகி காவலையே நீக்கிவிடுவதும் உண்டு. அறிவிப்புகளை நாள்தோறும் படிக்க ஓர் ஆள் இருப்பின், இடைப்பட்ட வழியே மேல்.

ஆயினும் மேக் முகவரி உடலிற் பிறந்த மச்சம் அன்று. சட்டையிற் குத்திய பெயர்ச்சீட்டுத்தான். மென்பொருளால் அதை நொடியில் மாற்றிவிடலாம். அச்சு யந்திரத்தின் முகவரியோ பெரும்பாலும் அதன் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும்! அதைப் படித்து வேடமிடும் கருவியை முகவரியால் அறிய முடியாது; நடத்தையால்தான் அறிய வேண்டும். ஒரு கருவி வலைப்பின்னலில் சேரும்போது தனக்கு வேண்டிய விவரங்களை ஒரு வரிசைப்படி கேட்கும். அவ்வரிசை இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறுபடும். அச்சு யந்திரத்தின் பெயரில் வந்தது லினக்ஸ் கணினி போலக் கேட்குமாயின், அல்லது தாமாக எவரையும் அழைத்திராத யந்திரம் நள்ளிரவில் பிற கணினிகளைத் தட்டிப் பார்க்குமாயின், ஐயத்துக்கு இடமுண்டு.

பெயர்ச்சீட்டை நம்பாமல் அடையாளச் சான்றையே கேட்பது 2001இல் வெளியான 802.1எக்ஸ் என்னும் நியமம். சான்றினைத் தனியொரு சேவையகம் சரிபார்க்கும் வரையில் துளை திறவாது. இது நல்ல காவல். எனினும் சோதனை வாயிலில் மட்டுமே நிகழ்கின்றது. அனுமதி பெற்ற கணினிக்கும் சுவருக்கும் இடையே சிறு பெட்டியொன்றைச் செருகிவிட்டால், சான்றைக் கணினி காட்டும். அதன் நிழலில் பெட்டியும் நுழைந்துவிடும். செருகும்போது கம்பி ஒரு கணம் அறுபட்டு மீண்டதைச் சுவிட்சின் பதிவேடு காட்டக்கூடும். அதைவிட உறுதியான வழி, கணினிக்கும் சுவிட்சுக்கும் இடையே செல்லும் ஒவ்வொரு செய்தியையும் மறைகுறியாக்குதல். அதற்கான மேக்செக் நியமம் 2006இல் வந்தது. ஆனால் பழைய கருவிகள் பல அதனை அறியா.

கிழக்கு ஐரோப்பாவில் குறைந்தது எட்டு வங்கிகளில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த களவுகளை காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஆராய்ந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கருவி கட்டிடத்துக்குள் கொண்டுவரப்பட்டு நேரடியாக இணைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்த கள்வர் கைப்பேசி அலைவரிசை மோடத்தின் வழியே அதனுடன் தொடர்பு கொண்டனர். ஆகையால் வங்கியின் இணைய வாயிலைக் காத்தவர் கண்ணில் அத்தொடர்பு படவில்லை. கூட்ட அறை, வரவேற்பறை ஆகியவற்றிலுள்ள வெற்றுத் துளைகளை விழிப்புள்ள நிர்வாகிகள் சுவிட்சிலேயே அடைத்து வைப்பது இதனாலேயே. கூட்டம் நடைபெறும் நாளில் திறந்து, முடிந்ததும் மீண்டும் அடைத்துவிடுகின்றனர்.