சுவரை ஒட்டிய ஐந்தடி

வாசலில் கிடந்த தேங்காய்நார் மிதியடியைத்தான் முதலில் எடுக்கச் சொன்னார், தீயணைப்புத் துறையிலிருந்து வந்த பெண்மணி. நண்பனின் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து நான்கு மாதமாக அங்கே தங்கியிருந்தார். “மிதியடி இல்லாம ஒரு வாசலாடா? நல்லா இருக்கு நியாயம்” என்று மகனிடம் முணுமுணுத்தார். வந்தவருக்குத் தமிழ் தெரியாது. சிரித்துக்கொண்டே அடுத்து அவர் கை நீட்டியது துளசித் தொட்டியை நோக்கி. சுவரிலிருந்து இரண்டடியில் இருந்தது. ஐந்தடி தள்ளி வைத்தால் நல்லது என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

இடம், கலிஃபோர்னியாவில் ஓக்லாந்துக்குக் கிழக்கே மலைச்சரிவில் ஒரு தெரு. 2025 ஏப்ரலில் அங்கே பத்து நாள் இருந்தேன். நண்பன் அந்த வீட்டை வாங்கிப் பதினோரு வருடம். ஒரு நாள்கூட பிரீமியம் தவறியதில்லை, ஒரு டாலர்கூட கிளெய்ம் கேட்டதில்லை. நான் போவதற்கு மூன்று வாரம் முன்னால் அவனுடைய இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து இரண்டு பக்கக் கடிதம் வந்திருந்தது. பாலிசி முடிகிற தேதிக்குப் பிறகு புதுப்பிக்க மாட்டோம், காரணம் காட்டுத்தீ அபாயம் என்று அதில் எழுதியிருந்தார்கள். மாநிலச் சட்டப்படி 75 நாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்; சொல்லிவிட்டார்கள். “நான் என்னடா தப்பு பண்ணேன்?” என்பதுதான் அவன் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி.

அவன் தப்பு எதுவும் செய்யவில்லை. அவன் வீடு இருக்கும் இடம்தான் தப்பு. 1991 அக்டோபரில் அதே மலைகளில் பற்றிய தீயில் 25 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய மூவாயிரம் வீடுகள் போயின. அப்படிப் பார்த்தால் கம்பெனிக்காரர்களுக்கு இந்த இடத்தைப் பற்றி முப்பது வருடமாகவே தெரியும். தெரிந்தும் பாலிசி கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது மட்டும் ஏன் கையை விரிக்கிறார்கள்?

இதற்குப் பதில் தேட 1988க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு கலிஃபோர்னியா மக்கள் ‘புரொபோசிஷன் 103’ என்ற சட்டத்தை நேரடியாக ஓட்டுப்போட்டு நிறைவேற்றினார்கள். கார் இன்சூரன்ஸ் விலை ஏறிக்கொண்டே போன கோபம் அதற்குப் பின்னால் இருந்தது. அன்றிலிருந்து எந்தக் கம்பெனியும் கட்டணத்தை ஏற்ற வேண்டுமானால் மாநில இன்சூரன்ஸ் கமிஷனரின் முன்அனுமதி வேண்டும். கமிஷனரையும் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். 7 சதவீதத்துக்கு மேல் கேட்டால், யாராவது கோரினாலே பொது விசாரணை வைத்தாக வேண்டும். ஆகவே கம்பெனிகள் 6.9 கேட்கும், பாட்டா விலை மாதிரி. பல வருடங்கள் வீட்டுக்காரர்களுக்கு இது நல்ல காப்பாகவே இருந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் விதி இன்னொன்றும் சொன்னது. காட்டுத்தீக்கான கட்டணத்தைக் கடந்தகால நஷ்டத்தின் நீண்ட சராசரியை வைத்துத்தான் போட வேண்டும். வரப்போகும் ஆபத்தைக் கம்ப்யூட்டர் மாதிரிகள் மூலம் கணக்கிட்டு விலையில் சேர்க்கக் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனியே தனக்காக வாங்கும் மறுகாப்பீட்டின் செலவையும் வாடிக்கையாளர் தலையில் ஏற்றக் கூடாது. தீ பழைய மாதிரியே எரிந்துகொண்டிருக்கும்வரை இந்தக் கணக்கு ஓடியது. 2017, 2018 இரண்டே வருடம் வந்தன. முந்தைய கால் நூற்றாண்டில் வீட்டு இன்சூரன்ஸில் சேர்த்த லாபம் எல்லாம் அந்த இரண்டு வருடத்தில் கரைந்துபோயிற்று.

அதில் பெரிய அடி பேரடைஸ். 2018 நவம்பர் 8 காலையில் மின்கம்பிப் பழுதால் கிளம்பிய தீ, 26,000 பேர் வாழ்ந்த அந்த ஊரைச் சில மணி நேரத்தில் விழுங்கியது. 85 பேர் இறந்தார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. உள்ளூர்ச் சிறிய இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்று கிளெய்ம் தாங்காமல் திவாலானது. மின்கம்பிக்குச் சொந்தக்காரர்களான பி.ஜி.&இ. நிறுவனம் பிறகு 84 மரணங்களுக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பேரடைஸ் எரிந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு விசித்திரம் நினைவிருக்கும். வீடுகள் சாம்பல், பக்கத்தில் பைன் மரங்கள் பச்சையாக நிற்கும். காட்டிலிருந்து நெருப்புச் சுவர் நகர்ந்து வந்து வீட்டை எரித்திருந்தால் மரம் எப்படித் தப்பியிருக்கும்?

அந்தப் பெண்மணி மிதியடியை எடுக்கச் சொன்னதற்கான காரணம் இந்தப் படத்தில் இருக்கிறது. வீட்டைக் கொளுத்துவது பெரும்பாலும் கங்கு. காற்று அடிக்கும்போது கங்குகள் ஒரு மைலுக்கும் மேல் பறக்கும். எங்கே சருகு இருக்கிறதோ, எங்கே காற்று சுழன்று ஒதுங்குகிறதோ அங்கே போய் விழும். மார்கழிக் காலையில் வாசல் பெருக்குகிறவர்களுக்குத் தெரியும், சருகு எப்போதும் எந்த மூலையில் வந்து சேரும் என்று. கங்கும் அதே மூலையில்தான் சேரும்.

அவர் நண்பனின் வீட்டைச் சுற்றி வர முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கூடவே நடந்தேன். கூரையோரத் தகரக் குழாயில் விரலை விட்டு ஒரு பிடி பைன் ஊசி எடுத்துக் காட்டினார். தீக்குச்சிப் பெட்டியைக் கூரையில் வைத்திருப்பது மாதிரி. இறவானத்தின் அடியில் பரணுக்குக் காற்றுப் போகிற துளைகள் இருக்கும். அவற்றில் கால் அங்குலக் கண்ணிவலை போட்டிருந்தது. அதன் வழியாகக் கங்கு தாராளமாக உள்ளே போய்விடும், எட்டில் ஒரு அங்குலம் வேண்டும் என்றார். பரணுக்குள் ஒரு கங்கு போய்விட்டால் வெளியே யார் தண்ணீர் அடித்தும் பிரயோஜனமில்லை, வீடு உள்ளிருந்து எரியும். ஜன்னலுக்குக் கீழே அழகுக்குப் பரப்பியிருந்த மரச்சிராய், மரத்தளத்துக்கு அடியில் அடுக்கியிருந்த விறகு, சுவரோடு ஒட்டி முடிகிற மரவேலி. வேலி முழுவதையும் பிடுங்க வேண்டாம், வீட்டைத் தொடும் கடைசி ஐந்தடியை மட்டும் இரும்பாக மாற்றுங்கள் என்றார். வேலி ஒரு திரி. அது வீட்டைத் தொடாமல் இருந்தால் போதும்.

இந்த ஐந்தடிக்கு அங்கே ‘ஸோன் ஸீரோ’ என்று பெயர். 2020லேயே இதற்குச் சட்டம் போட்டாகிவிட்டது, விதிகள் எழுதுவதுதான் இழுத்துக்கொண்டே போனது. 2025 பிப்ரவரியில் கவர்னர் கேவின் நியூசம், சீக்கிரம் முடியுங்கள் என்று உத்தரவு போட்டார். செடி வைக்கலாமா கூடாதா, ஒரே ஒரு ரோஜாத் தொட்டி இருக்கலாமா என்று ஊர் ஊராகச் சண்டை. கும்பகோணத்து அம்மாவின் கட்சிக்கு அங்கேயும் ஆள் பலம் குறைவில்லை.

சரி, இதெல்லாம் செய்துவிட்டால் இன்சூரன்ஸ் கிடைத்துவிடுமா? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2022 அக்டோபரில் கமிஷனர் ரிக்கார்டோ லாரா ஒரு விதி கொண்டுவந்தார். தீப்பிடிக்காத கூரை, கண்ணி சிறுத்த வலை, சுத்தமான ஐந்தடி என்று வீட்டைப் பலப்படுத்தியவர்களுக்குக் கம்பெனிகள் தள்ளுபடி கொடுத்தே தீர வேண்டும். உங்கள் வீட்டுக்குப் போட்டிருக்கும் தீ அபாய மதிப்பெண்ணைக் கேட்டால் சொல்ல வேண்டும், தப்பென்றால் முறையிடலாம். நல்ல விதி. ஆனால் அது தள்ளுபடியைத்தான் கட்டாயமாக்கியது, பாலிசி கொடுப்பதை அல்ல. பாலிசி இருந்தால்தானே தள்ளுபடி? நண்பன் தன் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கினான். கூடவே வானத்திலிருந்து எடுத்த ஒரு புகைப்படமும் வந்தது. அதில் அவன் கூரை இருந்தது. கூரையை உரசிக்கொண்டு பக்கத்து வீட்டு ஜூனிப்பர் புதரும் இருந்தது. ஜூனிப்பரைத் தீயணைப்பு வீரர்கள் பச்சைப் பெட்ரோல் என்பார்கள். புதர் பக்கத்து வீட்டுக்காரருடையது, மதிப்பெண் இவனுடையது.

வீட்டுக்கடன் இருக்கும்வரை காப்பீடு இல்லாமல் இருக்க முடியாது. நாம் வாங்காவிட்டால் வங்கியே ஒன்றை வாங்கி நம் தலையில் கட்டும். விலையும் அதிகம், அது காப்பது வங்கியின் பாக்கியை, நம் கட்டிலையும் பீரோவையும் அல்ல. ஆகவே நண்பன் அந்தப் பத்து நாளும் போனில்தான் இருந்தான். பெரிய கம்பெனிகளில் ஸ்டேட் ஃபார்ம் 2023 மே மாதமே கலிஃபோர்னியாவில் புது வீட்டு பாலிசி நிறுத்திவிட்டது. ஆல்ஸ்டேட் அதற்கு முந்தைய வருடமே நிறுத்தியிருந்தது. புரோக்கர் ஒருவர், மாநிலக் கட்டணக் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள ‘சர்ப்ளஸ் லைன்ஸ்’ கம்பெனி ஒன்றைச் சொன்னார். அவர்கள் என்ன விலையும் சொல்லலாம்; அவர்கள் திவாலானால் மாநில உத்தரவாத நிதியிலிருந்து ஒரு காசு வராது. நண்பன் யோசித்துவிட்டு வேண்டாம் என்றான்.

கடைசியில் அவன் போய் நின்ற இடம், எல்லோரும் போய் நிற்கும் இடம்: ஃபேர் பிளான். அரசு நடத்துவது என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. 1960களின் நகரக் கலவரங்களுக்குப் பிறகு, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குக் கம்பெனிகள் காப்பீடு தர மறுத்தபோது, 1968இல் சட்டம் போட்டு உருவாக்கிய ஏற்பாடு இது. மாநிலத்தில் தொழில் செய்யும் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து சுமக்க வேண்டும். வேறெங்கும் கிடைக்காதவர்களுக்கு இது கடைசிக் கதவு. 2020இல் இரண்டு லட்சம் பாலிசி இருந்தது, 2024இல் நாலரை லட்சத்தைத் தாண்டியது. நகரத்து ஏழைகளுக்காகத் திறந்த கதவில் இன்று மலைமேல் வீடு வைத்திருப்பவர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள்.

வீட்டுக்கு அதிகபட்சம் 30 லட்சம் டாலர் வரை தருவார்கள். ஆனால் தீ, மின்னல், புகை, வெடிப்பு, அவ்வளவுதான். குழாய் உடைந்தால், திருடு போனால், விருந்தாளி படியில் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் எதற்கும் வராது. அதற்குத் துணையாக இன்னொரு பாலிசி தனியாக வாங்க வேண்டும். புகைக்குக்கூட, கண்ணுக்குத் தெரியும் சேதம் இருந்தால்தான் என்று பல வருடம் சாதித்தார்கள். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் அந்த நிபந்தனை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

இந்தக் கடைசிக் கதவே எவ்வளவு தாங்கும் என்பது 2025 ஜனவரி 7 அன்று தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரே நாளில் பசிபிக் பாலிசேட்ஸிலும் ஆல்டடீனாவிலும் தீ. 16,000க்கும் மேல் கட்டடங்கள் எரிந்தன. அதற்கு முந்தைய வருடம்தான் ஸ்டேட் ஃபார்ம் பசிபிக் பாலிசேட்ஸில் சுமார் 1,600 பாலிசிகளைப் புதுப்பிக்க மறுத்திருந்தது. அதில் பலர் ஃபேர் பிளானுக்கு வந்திருந்தார்கள். அந்த இரண்டு தீக்கும் சுமார் 400 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஃபேர் பிளான் கணக்குச் சொன்னது. கையில் அவ்வளவு இல்லை. பிப்ரவரியில் உறுப்பினர் கம்பெனிகளிடம் 100 கோடி டாலர் தண்டல் போட்டார்கள், முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. அதில் பாதியைத் தங்கள் வாடிக்கையாளர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று கம்பெனிகளுக்கு அனுமதியும் கிடைத்தது. ஆகவே தீயே வராத சாக்ரமென்டோ சமவெளியில் இருப்பவர் பில்லிலும் அந்தத் தீ ஒரு வரியாக வந்து உட்காரும்.

ஆல்டடீனா மலையுச்சி அல்ல, சதுரம் சதுரமாகத் தெருக்கள் வெட்டிய புறநகர். அங்கே எரிபொருளாக இருந்தது காடு அல்ல, வீடுகள். ஒரு வீடு எரிந்தால் அடுத்த வீட்டு ஜன்னல் வெப்பத்தில் உடைகிறது, அது எரிந்தால் அதற்கடுத்தது. நம் வீட்டை எவ்வளவு பலப்படுத்தினாலும் இருபதடியில் இருக்கும் பக்கத்து வீடு பற்றிக்கொண்டால் கணக்கு மாறிவிடுகிறது. இன்சூரன்ஸ் கம்பெனி தெருவைப் பார்க்கிறது. பாலிசியை மட்டும் வீடு வீடாக விற்கிறது. தெருவுக்கு ஒரு பாலிசி என்று எந்த ஏஜென்ட்டும் விற்பதில்லை.

விதிகள் இப்போது மாறியிருக்கின்றன. 2024 டிசம்பரிலிருந்து கம்பெனிகள் எதிர்கால அபாயத்தைக் கணக்கில் சேர்க்கலாம், மறுகாப்பீட்டுச் செலவையும் ஏற்றலாம். பதிலுக்கு, மாநிலம் முழுதும் தங்களுக்குள்ள பங்கில் 85 சதவீத அளவுக்காவது தீ அபாயப் பகுதிகளில் பாலிசி எழுத வேண்டும். எழுதுவார்களா என்று கேட்டால் புரோக்கர் தோளைக் குலுக்குகிறார். விலை ஏறும் என்பதை மட்டும் தயங்காமல் சொல்கிறார்.

இன்னொன்றும் அவர் சொன்னார், இது எல்லா ஊருக்கும் பொருந்தும். எவ்வளவு தொகைக்குக் காப்பீடு எடுக்கிறோம் என்பதில் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். வீடு வாங்கிய விலை வேறு, அதே வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு வேறு. மண் எரிவதில்லை. ஆனால் ஊரே எரிந்த பிறகு கொத்தனாரும் மரமும் சிமென்ட்டும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வேண்டும், விலை எகிறும். அதற்கென்று கூடுதல் 25 அல்லது 50 சதவீதம் நீட்டிக்கும் வசதி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், புதிய கட்டட விதிப்படி கட்ட ஆகும் செலவுக்கும் தனியாக ஒரு பகுதி இருக்கிறதா பாருங்கள் என்றார். வீட்டில் உள்ள சாமான்களை அறை அறையாக வீடியோ எடுத்து வெளியில் ஓரிடத்தில் வைத்திருங்கள் என்றும் சொன்னார். அன்று இரவு நண்பன் போனோடு சமையலறைக்குப் போனான். அம்மா கிரைண்டரையும் இட்லிக் குண்டானையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விலை சொன்னார். வெள்ளிக் குத்துவிளக்குக்கு மட்டும் விலை சொல்ல மறுத்துவிட்டார்.

நண்பனுக்கு ஃபேர் பிளானும் துணை பாலிசியும் சேர்ந்து கிடைத்துவிட்டன. பழைய பிரீமியத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். வலையை மாற்றினான், விறகை மலைக்குக் கீழே இருக்கும் ஒருவருக்குக் கொடுத்தான், துளசி ஆறடி தள்ளிப் போயிற்று. மிதியடிக்குப் பதில் இரும்புச் சட்டம் ஒன்று வாங்கிப் போட்டான். காலில் குத்துகிறது என்று அம்மா அதை மிதிப்பதில்லை.

வேலியின் கடைசி ஐந்தடிக்கு இரும்பு போடப் பாதிச் செலவு தருவதாகப் பக்கத்து வீட்டு முதியவரிடம் சொன்னான். அவர் யோசிக்கிறேன் என்றார். மறுநாள் அம்மா ஒரு டப்பா முறுக்கோடு அவர் வீட்டுக்குப் போய் வந்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை, இரண்டு பேருக்கும் பொதுவான மொழி கிடையாது. அந்த வார இறுதியில் வேலி வேலை ஆரம்பமானது. ஜூனிப்பர் பற்றி இன்னும் யாரும் பேச்செடுக்கவில்லை.