மலிவான அச்சுப்பொறியும் விலையேறிய மையும்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது எமது நாட்டின் பல வீடுகளுக்குள் முதன்முறையாக அச்சுப்பொறி ஒன்று நுழைந்தது. ஆசிரியர்கள் வட்ஸ்அப் மூலம் அனுப்பிய செயலட்டைகளைக் கைத்தொலைபேசியின் சிறிய திரையில் பார்த்துப் பிள்ளைகளால் எழுத முடியவில்லை. ஊரடங்கினால் சந்தியிலிருந்த கொமினிகேஷன் கடையும் பூட்டிக் கிடந்தது. வசதியுள்ளவர்கள் மட்டுமன்றி, கடன்பட்டு வாங்கியவர்களும் அப்போது பலர். இரண்டு ஆண்டுகளின் பின்னர், 2022 மார்ச்சில், தாளும் மையும் இறக்குமதி செய்வதற்குப் போதிய டொலர் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் பெறுமதி சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டிய வேளையில், அச்சுப்பொறிகளுக்கான மையின் விலையும் அதனுடன் சேர்ந்து ஏறிற்று. இன்று அந்த வீடுகளில் எத்தனை அச்சுப்பொறிகள் துணியால் மூடப்பட்டு, மேலே பழைய பத்திரிகைகளைச் சுமந்தபடி மூலையில் கிடக்கின்றன என்பதை வாசகர்கள் அறிவர். எமது வீட்டிலும் அவ்வாறான ஒன்று உண்டு.

இதற்கு வாங்கியவர்களின் கவனக்குறைவு மட்டும் காரணமல்ல. இந்த வணிகம் அமைக்கப்பட்டிருக்கும் முறையே அவ்வாறானது. சவர அலகு விற்பவர் அதன் பிடியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, அலகுகளில் இலாபம் பார்ப்பது பழைய வணிக உத்தி. வீட்டு அச்சுப்பொறிகளும் நீண்ட காலமாக அவ்வாறே விற்கப்பட்டு வருகின்றன. இயந்திரத்தின் விலை நம்மைக் கவரும் அளவுக்குத் தாழ்த்தப்படுகிறது. அந்த நட்டம் அதன்பின் வாங்கப்படும் ஒவ்வொரு காட்ரிஜிலும் ஈடுசெய்யப்படுகிறது. எனவே அச்சுப்பொறி வாங்கச் செல்பவர் முதலில் கேட்க வேண்டியது அதன் விலையை அல்ல, அதற்கான மையின் விலையையும் அந்த மையில் எத்தனை பக்கங்கள் அச்சாகும் என்பதையுமே ஆகும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். விலைகள் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுவதால் இவற்றை வெறும் அனுமானமாகவே கொள்ள வேண்டும். சிறிய காட்ரிஜ் ஒன்றின் விலை 6,000 ரூபா என்றும் அதில் 150 பக்கங்கள் அச்சாகும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கான மை மட்டும் 40 ரூபா. தாளுக்கு 4 ரூபா சேர்த்தால் 44 ரூபா. சந்தியிலுள்ள கடையில் ஒரு பக்கம் 20 ரூபாவுக்கு அச்சிட்டுக் கொடுக்கிறார்கள் என்றால், வீட்டில் இயந்திரம் வைத்திருப்பவர் கடைக்குச் செல்பவரைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாகச் செலவிடுகிறார். இயந்திரத்துக்குக் கொடுத்த பணம் இதில் சேரவில்லை. பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் பக்க எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்ட சோதனைப் பக்கங்களை அச்சிட்டுப் பெறப்படுவதாகும். பிள்ளையின் விஞ்ஞானப் பாட வரைபடங்களையும் வர்ணப் படங்களையும் அச்சிடுபவருக்கு அந்த எண்ணிக்கை கிடைக்காது. புதிய இயந்திரத்துடன் வரும் முதலாவது காட்ரிஜ் பல வேளைகளில் முழுமையாக நிரப்பப்பட்டதன்று என்பதும் குறிப்பிடத்தக்கது.

மை தெளிக்கும் அச்சுப்பொறியின், அதாவது இன்க்ஜெட்டின், தன்மையைச் சிறிது அறிந்திருந்தால் அதன் நோய்களும் விளங்கும். 1977 ஆம் ஆண்டில் ஜப்பானின் கெனன் நிறுவன ஆய்வுகூடத்தில், மை நிரப்பிய ஊசியொன்றின் மீது சூடான பற்றாசுக்கோல் தற்செயலாகப் பட, ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. வெப்பத்தினால் மையில் குமிழி உண்டாகி, அக்குமிழி மைத்துளியை வெளியே தள்ளும் என்ற தத்துவம் அவ்வாறு பிறந்ததென்பர். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் எச்.பி. நிறுவனமும் அதே வழியை வேறாகக் கண்டடைந்து, 1984 இல் தனது முதலாவது இன்க்ஜெட் பொறியைச் சந்தைக்கு விட்டது. எப்சன் நிறுவனம் வெப்பத்துக்குப் பதிலாக மின்னால் அதிரும் நுண் பளிங்குகளைப் பயன்படுத்துகிறது. எவ்வகையாயினும் மை வெளிவருவது தலைமயிரிலும் மெல்லிய துவாரங்கள் ஊடாகவே. சில வாரங்கள் பாவிக்காமல் விட்டால் அத்துவாரங்களில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். எமது வீட்டு இயந்திரம் பாடசாலைகள் மீண்டும் திறந்த பின்னர் நான்கு மாதங்கள் சும்மா கிடந்து இவ்வாறுதான் செயலிழந்தது. வாரத்தில் ஒரு முறையாவது வர்ணப் பக்கமொன்றை அச்சிட்டிருந்தால் அது பிழைத்திருக்கும்.

அடைப்பு ஏற்பட்டால் துவாரங்களைச் சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுக்கலாம். ஆனால் அதையே திரும்பத் திரும்பக் கொடுப்பது வீண் செலவு. ஒவ்வொரு சுத்திகரிப்பும் மையை உறிஞ்சி, இயந்திரத்தின் அடியிலுள்ள பஞ்சு போன்ற பகுதியில் கொட்டுகிறது. அப்பகுதி நிரம்பிவிட்டதாகக் கணக்கிடும் நாளில் இயந்திரம் வேலை செய்ய மறுத்துவிடும். இரண்டு அல்லது மூன்று முறை முயன்று பலனில்லையெனில் ஒருநாள் விட்டுப் பார்ப்பதே நல்லது. அச்சுமுனை காட்ரிஜிலேயே பொருத்தப்பட்டுள்ள வகையாயின், வெதுவெதுப்பான நீரில் நனைத்த நூல் பிரியாத துணியில் அதன் முனையை மெதுவாக ஒற்றியெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

காட்ரிஜின் விலைக்கு மக்கள் கண்ட மாற்று வழி சுவையானது. இயந்திரத்தின் பக்கத்தில் துளையிட்டு, வெளியே மைப் போத்தல்களை வைத்து, குழாய் மூலம் மை செலுத்தும் கைவேலை ஆசிய நாடுகள் பலவற்றில் பரவியது. எமது கொமினிகேஷன் கடைகளிலும் வாசகர்கள் அதைக் கண்டிருப்பர். நிறுவனங்கள் முதலில் இதை வெறுத்தன. பின்னர் எப்சன் நிறுவனம் அதே அமைப்பைத் தானே தயாரித்து 2010 இல் இந்தோனேசியாவில் முதலில் விற்பனைக்கு விட்டது. மைத்தாங்கி அச்சுப்பொறிகள் என்று இன்று அழைக்கப்படுபவை இவைதாம். மற்றைய நிறுவனங்களும் இப்போது இவற்றைத் தயாரிக்கின்றன. ஒரு கறுப்பு மைப் போத்தலில் 4,000 பக்கங்களுக்கு மேல் அச்சிடலாம். ஆகவே ஒரு பக்கத்துக்கான மைச் செலவு ஒரு ரூபா அளவுக்கு இறங்குகிறது. ஆனால் இங்கே கணக்கு தலைகீழாகிறது. மை மலிவு, இயந்திரம் விலை கூடியது. அதன் விலை 60,000 ரூபா என்று கொண்டால், தாளுடன் பக்கமொன்றுக்கு 5 ரூபா செலவாகி, கடையைவிட 15 ரூபா மிச்சமாகும். இயந்திரத்தின் விலையை மீட்க 4,000 பக்கங்கள் அச்சிட வேண்டும். மாதம் 200 பக்கங்கள் அச்சிடும் தனியார் வகுப்பு ஆசிரியருக்கோ மத்ரஸா நடத்துபவருக்கோ கோவில் பரிபாலன சபைச் செயலாளருக்கோ அது இருபது மாதங்களில் மீண்டுவிடும். மாதம் 50 பக்கங்கள் மட்டும் தேவைப்படும் குடும்பத்துக்கோ ஆறரை ஆண்டுகளுக்கும் மேல் செல்லும். அதற்குள் இயந்திரம் உயிரோடிருக்குமா என்பது வேறு கேள்வி. அவ்வாறான குடும்பத்துக்குக் கொமினிகேஷன் கடையே சிக்கனமானது என்பதே எமது அபிப்பிராயம்.

இடையிடையே மட்டும் அச்சிடுபவர், ஆனால் வீட்டில் ஒன்று இருந்தேயாக வேண்டுமென்று கருதுபவர், கறுப்பு வெள்ளை லேசர் அச்சுப்பொறியை நாடுவது நன்று. அதில் இருப்பது திரவ மை அன்று, டோனர் எனப்படும் தூள். ஆறு மாதங்கள் கிடந்தாலும் அது உலர்ந்து அடைக்காது. சிறிய டோனர் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை எதிர்பார்க்கலாம். வர்ணம் கிடையாது என்பதே குறை. கடந்தகால வினாத்தாள்களுக்கும் விண்ணப்பப் படிவங்களுக்கும் வர்ணம் எதற்கு? லேசர் பொறியை யூ.பி.எஸ். சாதனத்தில் இணைக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். தூளை உருக்கித் தாளில் ஒட்டும் பகுதி சூடேறும்போது பல நூறு வற் மின்சாரத்தை ஒரே மூச்சில் இழுக்கும். வீட்டுப் பாவனைக்கான யூ.பி.எஸ். அதைத் தாங்காது.

வெளிநாட்டிலிருந்து வரும் அச்சுப்பொறிகளைப் பற்றியும் இங்கு கூறியாக வேண்டும். கனடாவிலுள்ள உறவினர் அன்போடு அனுப்பிய லேசர் பொறியை இங்குள்ள 230 வோல்ற் மின்னில் நேரடியாக இணைத்தால் அது எரிந்துபோகக்கூடும். அங்குள்ள மின்னழுத்தம் ஏறத்தாழ 120 வோல்ற். இன்க்ஜெட் பொறிகள் பலவும் இரண்டையும் ஏற்கும் என்றாலும் பின்புறத்திலுள்ள குறிப்பைப் படித்த பின்னரே இணைக்க வேண்டும். வளைகுடா நாட்டில் வேலை செய்து திரும்புபவர் கொண்டுவரும் பொறிக்கு மின்னழுத்தச் சிக்கல் பெரும்பாலும் இராது, ஆனால் வேறொரு சிக்கல் உண்டு. சில நிறுவனங்கள் தமது காட்ரிஜ்களைப் பிராந்தியவாரியாகப் பிரித்துள்ளமையால், இங்கு வாங்கும் காட்ரிஜை அந்தப் பொறி ஏற்காமல் விடலாம். வேறு நிறுவனத்தார் தயாரித்த மலிவான காட்ரிஜ்களிலும் இத்தகைய இடையூறு நேர்வதுண்டு. 2016 செப்டெம்பரில் எச்.பி. பொறிகள் பல, அதுவரை ஏற்றுவந்த அத்தகைய காட்ரிஜ்களைத் திடீரென நிராகரிக்கத் தொடங்கியமை உலகளவில் சர்ச்சையாகிற்று. மலிவான காட்ரிஜை நம்பி இயந்திரம் வாங்குபவர்கள் இதை மனதிற் கொள்ள வேண்டும்.

இனி, இயந்திரம் நன்றாக இருந்தும் அச்சிட மறுக்கும் சந்தர்ப்பங்களுக்கு வருவோம். பழுது பார்ப்பவரை அழைக்கும் முன் நாமே சரிபார்க்கக் கூடியவை பல. கட்டளை கொடுத்தும் எதுவும் நிகழாவிட்டால், முன்னர் கொடுத்த ஏதோவொரு கட்டளை வரிசையில் சிக்கி மற்றவற்றை மறித்துக்கொண்டிருக்கும். பொறுமையிழந்து அதே கட்டளையைப் பத்து முறை கொடுப்பதால் வரிசை நீளுமேயன்றி வேறு பயனில்லை. வரிசையிலுள்ள அனைத்தையும் இரத்துச் செய்து, இரண்டு சாதனங்களையும் அணைத்து மீண்டும் இயக்க வேண்டும். அதற்கும் அசையாவிடில் விண்டோஸிலுள்ள பிரிண்ட் ஸ்பூலர் என்னும் சேவையை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். வைபை மூலம் இயங்கும் பொறி இணைப்பில் இல்லையென்று கணினி கூறினால், மின்தடையின் பின்னர் ரவுட்டர் அதற்குப் புதிய முகவரி வழங்கியிருக்கலாம். கணினியிலிருந்து பொறியை நீக்கி மீண்டும் சேர்த்தால் சரியாகும். ஒரு கம்பி இணைப்பு இந்தத் தொல்லையை முற்றாகத் தவிர்க்கும். அச்சிடச் சொன்னால் கோப்பைச் சேமிக்கும்படி கணினி கேட்கிறதாயின், பி.டி.எப். உருவாக்கும் மென்பொருள் அச்சுப்பொறியின் இடத்தைப் பிடித்துள்ளது என்று பொருள். எமது கரையோர ஈரப்பதனில் திறந்து கிடக்கும் தாள் நெளிந்து இயந்திரத்துக்குள் சிக்கும். கட்டுத்தாளைப் பிரித்த பின்னர் மீதியைப் பொலித்தீன் உறையில் சுற்றி வைப்பதே அதற்குப் பரிகாரம்.

இணையப் பக்கங்கள் எதுவும் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை மட்டும் வருகிறதா? கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளில் நாணயம் போன்ற சிறிய மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்சாரம் தடைப்படும் ஒவ்வொரு தடவையும் திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். மின்கலத்தை மாற்றினாற் போதும். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றமையால் புதிய பதிப்புக்கு மாறுபவர்கள், தமது பழைய அச்சுப்பொறிக்கு அப்பதிப்பில் இயங்கும் மென்பொருள் உண்டா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழில் எழுதுவோருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதத்தைக் கடையில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகத் திரை நிரம்பி வழியும். அந்தக் கணினியில் பாமினி இல்லாமையே காரணம். கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி விடிய விடிய மீண்டும் தட்டச்சு செய்தவர்களை நாம் அறிவோம். அரபு வரிகள் கலந்த ஆவணங்களில் எழுத்துக்கள் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து நிற்பதும் உண்டு. புதிதாக எழுதுபவற்றை யூனிகோட்டில் எழுதுவதும், எதுவாயினும் வீட்டிலேயே பி.டி.எப். கோப்பாக மாற்றிக்கொண்டு செல்வதும் இரண்டுக்கும் தீர்வாகும்.

கடைக்குச் செல்வதே சிக்கனம் என்று மேலே கூறினோம். அங்கு கவனிக்க வேண்டியவையும் உள்ளன. நாளொன்றுக்கு எத்தனையோ பேரின் பென் டிரைவ்கள் செருகப்படும் கணினி அது. வீடு திரும்பிப் பார்க்கும்போது கோப்புகள் மறைந்து, அவற்றின் இடத்தில் குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் காணப்பட்டால் அவற்றைச் சொடுக்கக் கூடாது. சொடுக்கினால் வீட்டுக் கணினிக்கும் வைரஸ் தொற்றும். கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்கமாட்டா, மறைக்கப்பட்டே இருக்கும். வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் சோதித்த பின்னர் அவற்றை மீட்கலாம். இதனிலும் பாரதூரமானது, தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படங்களைக் கடைக்காரரின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பி அச்சிடும் வழக்கமாகும். தாளைப் பெற்றுக்கொண்டு நாம் வந்துவிடுகிறோம். படம் அங்கேயே இருக்கிறது. கடைக்காரர் நேர்மையானவராக இருக்கலாம், ஆனால் அவரது கணினியின் முன் அமர்பவர் அவர் மட்டுமல்லர். அச்சிட்டு முடிந்ததும் அவர் முன்னிலையிலேயே அந்தப் படத்தை நீக்கும்படி கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. கணினியில் இறங்கிய பிரதியையும், குப்பைத் தொட்டியில் கிடப்பதையும் சேர்த்தே நீக்கச் சொல்ல வேண்டும். எமது சொந்த வட்ஸ்அப்பையோ மின்னஞ்சலையோ கடைக் கணினியில் திறந்திருந்தால், காசு கொடுத்து மிகுதிப் பணம் வாங்கும் முன்னர் அதிலிருந்து வெளியேறிவிட வேண்டும். மறந்து வந்திருந்தால் கைத்தொலைபேசியில் வட்ஸ்அப்பின் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்னும் பகுதியைத் திறந்து, அந்தக் கணினியை வீட்டிலிருந்தபடியே துண்டித்துவிடலாம்.