மின்சாரம் எல்லாருக்கும், கட்டளை ஒருவருக்கு

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் பாதையில், மேனாம்பேட்டுக்கு அருகிலுள்ள அம்பத்தூர், பட்டரவாக்கம் நிலையங்கள் வழியே விடியலுக்கு முன்பிருந்து இரவு வெகுநேரம் வரை மின்சார ரயில்கள் வந்து போகின்றன. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். ஆவடி வண்டி வேகமெடுக்கிறதே என்று யாரும் அந்த அழுத்தத்தைக் கூட்டுவதில்லை. எதிரே வரும் வண்டி நிற்க வேண்டுமே என்று குறைப்பதும் இல்லை. கம்பி தன் பாட்டுக்கு எல்லா வண்டிகளுக்கும் ஒரே மின்சாரத்தை வழங்குகிறது. அதில் எவ்வளவு எடுத்துக்கொள்வது, எப்போது விடுவது என்பதை அந்தந்த வண்டியின் ஓட்டுநர் தீர்மானிக்கிறார். அன்றாடம் பயணம் செய்பவர்கள் யோசித்தே பார்க்கத் தேவையில்லாத இந்த ஏற்பாடு, தடத்தில் ஓடும் ‘ஸ்லாட் கார்’ என்ற பந்தயப் பொம்மைக்கு வந்து சேர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. காரணம் எளிது. பொம்மைக் காருக்குள் ஓட்டுநர் கிடையாது. அவர் தடத்துக்கு வெளியே கன்ட்ரோலரைப் பிடித்தபடி நிற்கிறார். காருக்குள் அவருடைய இடத்தில் உட்கார ஒரு சில்லு தேவைப்பட்டது. பழைய காரில் அந்தச் சில்லைப் பொருத்தி டிஜிட்டல் தடத்தில் ஓட்டலாமா, காரை மாற்றிவிடுவதே மேலா என்ற கேள்வி இந்தப் பொழுதுபோக்கில் இருபது ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது. பொருத்துவதே சரி என்பது என் கருத்து. அதற்கான காரணம் பொம்மையோடு நின்றுவிடுவதில்லை.

ஸ்லாட் காரைத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் கத்தி போல ஒரு பிளாஸ்டிக் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். தடத்தில் வெட்டிய காடிக்குள் அது இறங்கி ஓடும். அதன் இரு பக்கமும் மெல்லிய செம்புக் கம்பிகளால் பின்னிய இரண்டு நாடாக்கள். காடியின் இரு ஓரங்களிலும் பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை அவை உரசிக்கொண்டே போகும். பட்டையிலிருந்து நாடா, நாடாவிலிருந்து மோட்டார்: மின்சாரத்தின் வழி அவ்வளவுதான். பிரிட்டனில் பிரெட் பிரான்சிஸ் என்பவர் சுருள்வில் விசையால் ஓடும் தகரக் கார்களைச் செய்து விற்றுவந்தார். அவற்றில் மின்மோட்டாரை வைத்து 1957-இல் ‘ஸ்கேலெக்ஸ்ட்ரிக்’ என்று அறிமுகப்படுத்தினார். அந்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. கன்ட்ரோலரின் விசையை அழுத்தினால் தடத்தில் அழுத்தம் கூடும், கார் பாயும். விட்டால் குறையும், கார் தளரும். 12 வோல்ட்டும் அதற்குச் சற்று மேலுமாக வரும் அந்த மின்சாரம்தான் காருக்கு உணவு, அதுவே உத்தரவும். நல்ல கன்ட்ரோலர்களில் இன்னொரு நுட்பம் உண்டு. விசையை முழுதாக விட்டதும் இரண்டு பட்டைகளும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணத்தில் ஜெனரேட்டராக மாறித் தன்னைத்தானே பிடித்து நிறுத்தும். பிரேக் கட்டையே இல்லாத கார் வளைவுக்கு முன்னால் சட்டென்று வேகம் தணிவது இப்படித்தான்.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. உணவும் உத்தரவும் ஒரே கம்பியில் ஒன்றாகக் கலந்து வருவதால், ஒரு காடியில் ஒரு கார்தான் ஓட முடியும். இரண்டாவது காரை வைத்தால் அதுவும் அதே விசைக்கு ஆடும். நான்கு பேர் விளையாட நான்கு காடி வேண்டும். யாரும் யாருடைய பாதைக்கும் வர முடியாது. பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் உண்மையான மோட்டார் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு இதிலுள்ள குறை உடனே புரியும். வளைவின் உள்வட்டத்தைப் பிடிப்பதும், பின்னால் வருபவருக்கு வழிவிடாமல் மறிப்பதும், அவர் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு முந்தப் பார்ப்பதும்தான் பந்தயம். அனலாக் என்னும் இந்தப் பழைய வகைத் தடத்தில் அது எதுவும் இல்லை. பக்கத்துப் பக்கத்துக் காடிகளில் தனித்தனியே நேரத்தோடு போட்டி போடுகிறோம், அவ்வளவே.

இதற்கு விடை முதலில் மாதிரி ரயில்களிடமிருந்து வந்தது. 1980-களில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் டி.சி.சி. என்ற பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். ஆனால் அதன் துருவம் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு துருவத்தில் 58 மைக்ரோ செகண்ட், மறு துருவத்தில் அதே அளவு என்று வேகமாக மாறினால் அது ‘1’. 100 மைக்ரோ செகண்ட் போல நீடித்து மாறினால் அது ‘0’. இந்த ஒன்றும் சுழியும் சேர்ந்து, எந்த எஞ்சின், என்ன வேகம் என்ற செய்தியாகின்றன. தெருமுனையில் நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எல்லார் காதிலும் விழும், பெயருக்குரியவர் மட்டும் திரும்பிப் பார்ப்பார். இங்கே நடப்பதும் அதுவே. கட்டளை எல்லா எஞ்சினுக்கும் போகிறது. தன் எண்ணைக் கேட்ட எஞ்சின் மட்டும் அதன்படி நடக்கிறது. 2004 வாக்கில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கும் அடுத்தடுத்து மற்ற நிறுவனங்களும் இதே எண்ணத்தைக் கார்களுக்குக் கொண்டுவந்தன. ஒரே காடியில் ஆறு கார்கள் ஆறு விரல்களுக்குக் கட்டுப்பட்டு ஓடின. கன்ட்ரோலரில் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த கிளைப் பாதையில் கார் காடி மாறியது.

பழைய கார் ஒன்றை இந்த டிஜிட்டல் தடத்துக்கு மாற்றும்போது என்ன நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மேல்கூட்டைத் தாங்கும் திருகுகளைக் கழற்றினால் நாடாவிலிருந்து மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகள் தெரியும். அவற்றை வெட்டி, நடுவே விரல்நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு மின்சுற்றுப் பலகையைச் சால்டர் செய்கிறார்கள். துருவம் மாறி மாறி வரும் மின்சாரத்தை அது நேராக்கிக்கொள்கிறது. அதில் பொதிந்து வரும் செய்தியைப் படிக்கிறது. பிறகு மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கிறது. துண்டு அகலமானால் வேகம், குறுகினால் நிதானம். பிரேக்கும் இனி அதன் பொறுப்புதான். அடுத்து, காரின் அடித்தட்டில் ஒரு துளையிட்டு அகச்சிவப்பு விளக்கு ஒன்றைத் தடத்தைப் பார்க்க வைக்கிறார்கள். ஒவ்வொரு காரின் விளக்கும் தனக்கே உரிய தாளத்தில் துடிக்கும். கிளைப் பாதைக்கு முன்னால் தடத்தில் இருக்கும் உணரி அந்தத் தாளத்தை வைத்து வருவது யார் என்று அறிந்து, அவர் பொத்தானை அழுத்தியிருந்தால் வழியைத் திருப்பிவிடும். சுற்று எண்ணுவதும் இதே விளக்கால்தான். அதன் இடம் பிசகினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கார் காடி மாறாது. பழைய கார்களில் ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்த மின்தேக்கி நாடாப் பக்கம் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் செய்தியின் கூர்மையை அது மழுக்கும். மோட்டார், பல்சக்கரம், டயர், மேல்கூடு எதையும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். காருக்குச் சேர்ந்தது தன் பெயரைக் கேட்டு நடக்கும் அறிவு மட்டுமே.

இதை மறுப்பவர்கள் சொல்வதில் முதலாவது, விரலுக்கும் காருக்கும் இடையிலான நெருக்கம் போய்விடுகிறது என்பது. இதை வெறும் பழைமைப் பற்று என்று தள்ளிவிட முடியாது. காரேரா நிறுவனத்தின் டிஜிட்டல் 132 தடத்து சிக்னலை ஆர்வலர்கள் அளந்து பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் வேகத்துக்கு நான்கு பிட் இடம்தான். அதாவது நிற்பதையும் சேர்த்து 16 படிகள். எல்லாக் கார்களுக்கும் செய்தி சொல்லி முடித்து மறுபடி தொடங்க 75 மில்லி செகண்ட் ஆகிறது. விநாடிக்கு மூன்று மீட்டர் ஓடும் கார் அந்த நேரத்தில் 22 சென்டிமீட்டர் கடந்துவிடும். வளைவின் வாயில் அது சிறிய தூரமில்லை. எனவே தனிக் காடியில், நூறில் ஒரு பங்கு விநாடிக்காக மோதும் போட்டிகளுக்கு அனலாக் தடமே இன்றும் பொருத்தம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 22 சென்டிமீட்டர் என்பது மிக மோசமான நேர்வு. சராசரித் தாமதம் அதில் பாதிதான். அது எல்லாக் கார்களுக்கும் பொது என்பதால் யாருக்கும் கூடுதல் சாதகம் இல்லை. கையும் விரைவில் அதற்குப் பழகிவிடுகிறது. அதற்கு ஈடாகக் கிடைப்பது முந்துதல், மறித்தல், சரியான இடத்தில் காடி மாறுதல் என்ற ஒரு முழுப் போர்த்தந்திரம். எனக்கு அது லாபமான பேரம்.

இரண்டாவது மறுப்பு, பழைய மோட்டார்கள் சில்லை எரித்துவிடும் என்பது. இது நடக்கக்கூடியதுதான், ஆனால் முன்கூட்டியே கணக்கிடக் கூடியதும்கூட. மோட்டார் சுழலும்போது அதற்குள் பிறக்கும் எதிர் மின்னழுத்தம் மின்னோட்டத்தை அடக்கி வைக்கிறது. சக்கரம் சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் அந்த அணை இல்லை. சுருளின் மின்தடை மட்டுமே மிச்சம். மின்தடை 6 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் பாயும். 2 ஓம் என்றால் 6 ஆம்பியர். சில்லின் தாங்குதிறன் எவ்வளவு என்று அதன் உறையில் இருக்கும் குறிப்பைப் பார்த்தாலே எந்தக் காரை மாற்றலாம், எதை விட்டுவிடலாம் என்பது தெளிவாகிவிடும். அரிய பழைய மாதிரிகளை வெட்டித் துளையிட்டுக் கெடுக்கக் கூடாது என்பாரும் உண்டு. அவர்கள் சொல்வது சரி. 1950-களின் தகரக் கார் அலமாரியில்தான் இருக்க வேண்டும்.

உண்மையிலேயே கனமான மறுப்பு மூன்றாவது. மாதிரி ரயிலுக்கு டி.சி.சி. போல ஒரு பொது மொழி கிடைத்தது. அந்த மொழி தெரிந்த எஞ்சின், அதைப் பேசும் வேறொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் கட்டுப்படும். ஸ்லாட் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஸ்கேலெக்ஸ்ட்ரிக், காரேரா, எஸ்.சி.எக்ஸ். மூன்றும் தத்தம் மொழியில் பேசுகின்றன. ஒன்றுக்காக மாற்றிய கார் இன்னொன்றில் செவிடு. இந்தச் சிக்கல் இருப்பதால்தான், மாற்றம் நம் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். புதிய காரையே வாங்கிப் போனால் நிறுவனத்தின் மொழிக்குள் காரும் அடைபடும். நாமே பொருத்தினால் பூட்டு சில்லோடு நிற்கிறது. நாளை தடம் மாறினால் பலகையைக் கழற்றி வேறொன்றை வைக்கலாம், கார் அப்படியே இருக்கும்.

இந்தத் தர்க்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் புதிதல்ல. வார்ப்பு இரும்பில் செய்த நல்ல மில்லிங் மெஷின் பல பத்தாண்டுகள் உழைக்கும். அதைத் தூக்கிப் போடாமல், மேசை நகர்வைத் துல்லியமாக அளந்து திரையில் காட்டும் டி.ஆர்.ஓ. கருவியைப் பொருத்தி வேலை வாங்குவது பட்டறைகளுக்கு நன்கு பழக்கமானது. இரும்பு பழையது, கணக்கு புதியது. ரயிலிலும் இதே வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது. 2020-இல் தேசிய ரயில் பாதுகாப்பு அமைப்பாக ஏற்கப்பட்ட ‘கவச்’, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்களிலேயே பொருத்தப்படுகிறது. தண்டவாளத்தில் பதித்த அடையாளச் சில்லுகளைப் படித்துத் தான் நிற்கும் இடத்தை எஞ்சின் அறிகிறது. ரேடியோ வழியே சிக்னல் நிலையைக் கேட்கிறது. ஓட்டுநர் தவறினால் தானே பிரேக் போடுகிறது. மின்சாரம் வரும் வழி மாறவில்லை, அதன்மேல் செய்திக்கென்று தனியாக ஒரு வழி சேர்ந்திருக்கிறது. ஆபத்தும் பொறுப்பும் அளவிட முடியாதபடி வேறு என்றாலும், பொம்மைக் காரின் அடியில் துடிக்கும் விளக்கும் எஞ்சினின் அடியில் இருக்கும் அந்தப் படிப்பானும் விடை காணும் கேள்வி ஒன்றுதான்: வந்திருப்பது யார், எங்கே இருக்கிறார்?

அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யிலும் ஆவடிப் பக்கத்துப் பாலிடெக்னிக்குகளிலும் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் செய்முறைத் திட்டத்துக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தை நேராக்குதல், துடிப்பு அகலத்தால் வேகக் கட்டுப்பாடு, தொடர் தகவல் பரிமாற்றம், அகச்சிவப்பு உணரி, சால்டரிங் எல்லாம் உள்ளங்கை அளவுள்ள ஒரே காரில் அடங்கிவிடுகின்றன. விலை உயர்ந்த தடம்கூடத் தேவையில்லை. மரப்பலகையில் காடி வெட்டிச் செம்பு நாடா ஒட்டினால் தடம் ஆயிற்று. கட்டளை மொழியை மாணவர்களே எழுதட்டும், அதை எல்லாரும் பயன்படுத்தும்படி திறந்து வைக்கட்டும். வீட்டுப் பரணில் பழைய ரேஸ் செட் வைத்திருப்பவர்களும் முதலில் ஒரு மல்டிமீட்டரை எடுத்து மோட்டாரின் மின்தடையை அளந்து பாருங்கள். அந்த எண் சாதகமாக இருந்தால் காரைக் கழித்துக் கட்ட வேண்டாம்.