கீழ்த்தாடை கரைகிற கதை

கல்யாண வீட்டு வாசலில் நின்று அம்மா பல்செட்டைப் போட்டுக்கொள்வாள். பந்தியில் இலை விழுந்ததும் கீழ் செட்டை மட்டும் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். முகத்துக்குப் பல், சோற்றுக்கு ஈறு. கடைசி நாட்களில் அவள் மோவாய் மூக்கை நெருங்கியிருந்தது. வயசானால் அப்படித்தான் ஆகும் என்று எங்கள் விஜயபுரத்தில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

நான் தமிழ் வாத்தியார். சர்க்கரையால் ஈறு கெட்டு, 2009இல் மிச்சமிருந்த பற்களையெல்லாம் ஒரே மாதத்தில் எடுத்துவிட்டுச் செட் கட்டினார்கள். மேல் செட் அண்ணத்தில் கவ்விக்கொண்டது. கீழ் செட் முதல் வருடம் ஒழுங்காக இருந்தது, பிறகு ஆட ஆரம்பித்தது. ழகரம் சொல்ல நாக்கை மடித்தால் செட் எழும்பும். வகுப்பில் ‘வாழை’ என்று சொல்லும் முன் விரலால் தாடையை அழுத்திக்கொள்வேன். வேர்க்கடலை விளைகிற ஊரில் இருந்துகொண்டு கடலையைப் பொடித்துத் தின்றேன். எட்டு வருடத்தில் மூன்று செட் மாற்றியாயிற்று. எலும்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

திருத்தணியில் ரயிலேறிச் சென்னைக்குப் போனபோது, அங்கே ஒரு டாக்டரம்மா தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்.

“செட் மேல தப்பு இல்லீங்க சார். அது உக்கார்ற மேடு கரைஞ்சு போச்சு.”

தாடையில் பல் ஊன்றியிருக்கிற மேட்டெலும்பு பல்லுக்காகவே இருப்பது. வேரைச் சுற்றியுள்ள நார்கள், நாம் மெல்லும்போதெல்லாம் எலும்பை மெல்ல இழுக்கின்றன. அந்த இழுப்புதான் எலும்புக்கு வேலை. பல் போனால் வேலை போகிறது, உடம்பு எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் செட்டை வைத்து அழுத்தினால் இழுப்பு திரும்பி வராது. அழுத்தம் மட்டும்தான் மிஞ்சும். பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஆன்ட்யே டால்கிரன் 1972இல் வெளியிட்ட ஆய்வின்படி, கீழ்த்தாடை மேட்டின் உயரம் மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாகக் குறைகிறது. அம்மாவின் மோவாய் மேலேறியதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் பக்கம் எலும்பென்றால் புத்தூர்தான். சின்ன வயதில் என் தம்பி மாமரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது, நகரி வழியாகப் பஸ்ஸில் கூட்டிப்போய்ப் புத்தூர்க் கட்டு போட்டு வந்தோம். மூங்கில் பத்தையும் பச்சிலையும் வைத்துக் கட்டிவிட்டார்கள். எலும்பு எலும்போடு சேர்ந்தது. அதே எலும்பு ஓர் உலோகத்தோடும் சேரும் என்பதைச் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1952இல் முயல்களின் காலெலும்பில் கண்டார். உள்ளே வைத்த டைட்டானியத்தை அவரால் திரும்ப எடுக்க முடியவில்லை. 1965இல் கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். 2006இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருடம், அவை உழைத்தன.

கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவருக்கு எத்தனை திருகு வேண்டும்? 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், எலும்பில் பதித்த இரண்டு திருகுகள் (இம்ப்ளாண்ட்) மேல் நிற்கும் செட்டைத்தான் முதலில் பரிந்துரைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். கோரைப்பல் இருந்த இரண்டு இடங்களில் எனக்கு வைத்தார்கள். உதட்டுக்குப் போகும் நரம்பு அதற்குப் பின்னால்தான் வெளியே வருகிறது. அதனால் முன்பக்கம் பாதுகாப்பான இடம். திருகு வைக்கும் முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத் துளையிட்டதில் வலி தெரியவில்லை. எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ள மூன்று மாதம். பிறகு திருகின் தலையில் ஒரு குமிழ், செட்டின் அடியில் அதைக் கவ்வும் வளையம். ரவிக்கை டிச் பட்டன் மாதிரி ‘டிக்’கென்று விழும். அன்று டாக்டரம்மாவின் முன்னாலேயே ‘வாழைப்பழம்’ என்று சொன்னேன். செட் அசையவில்லை.

மெல்லும் விசை இப்போது திருகுகள் வழியே எலும்புக்குள் இறங்குகிறது, அந்த எலும்புக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது. நன்றாக ஒட்டிய திருகைச் சுற்றி, முதல் வருடத்துக்குப் பின் ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே எலும்பு தேய வேண்டும் என்பது 1986இலிருந்து மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். ஆனால் கடைவாய்ப் பக்கம் திருகு இல்லை, அங்கே கரைவது நிற்காது. அவ்வப்போது செட்டின் அடியை நிரப்பித் தர வேண்டும், தேய்ந்த வளையத்தை மாற்ற வேண்டும். இரவில் கழற்றி வைக்கிறேன், குமிழைச் சுற்றிப் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். அழுக்கு சேர்ந்தால் திருகைச் சுற்றியும் ஈறு கெடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம்.

செலவு சாதாரணச் செட்டைப் போல் பல மடங்கு. எல்லோராலும் முடியாது என்பதை அறிவேன். அப்படிப்பட்டவர்களும் கேட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆடும் பற்களை எடுக்கும்போது கீழ்க் கோரைப்பல் இரண்டின் வேரையாவது காப்பாற்றி, அதன்மேல் செட் கட்டலாம். 1978இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அப்படிச் செய்தவர்களுக்கு ஐந்து வருடத்தில் முன்தாடை எலும்பு சராசரியாக 0.6 மில்லிமீட்டர்தான் குறைந்தது. எல்லாப் பல்லையும் எடுத்தவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர்.

வீட்டில் யாருக்காவது கீழ்ப் பற்களையெல்லாம் எடுக்க நாள் குறித்திருந்தால், நாற்காலியில் உட்காருமுன் டாக்டரிடம் கேளுங்கள்: “கோரைப்பல் வேர் ரெண்டையும் விட்டுவைக்க முடியுமா?”