உங்களுக்குத் தெரியுமா? பறக்கும் பறவையும் பிடிபடாத ஃபோகஸும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாற்றில் கால் நனைத்துவிட்டு, 22 கொண்டை ஊசி வளைவுகளை ஏறக் கிளம்பிவிடுவார்கள். நீள லென்ஸோடு வருகிறவர்கள் மட்டும் அங்கேயே நின்றுவிடுவார்கள். தலைக்கு மேலே மலபார் சாம்பல் இருவாச்சியும் மலை மைனாவும் துடுப்புவால் கரிச்சானும் பறக்கும். சாயங்காலம் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் பின்னாலிருந்த இலை மட்டும் நரம்பு நரம்பாகத் தெரியும், பறவை மங்கல்.

● வழக்கமான ஆட்டோஃபோகஸ் தேடுவது பறவையை அல்ல, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விளிம்புகளை. சாம்பல் நிற இருவாச்சியின் உடம்பைவிட, வெயில் விழுந்த இலைக்கூட்டத்தில் விளிம்புகள் ஏராளம். கேமரா அங்கே தாவுவதில் வியப்பில்லை. அதே பறவை ஆற்றுக்கு மேலே வெட்டவெளியைக் கடக்கும்போது பிடித்தால் சட்டென்று சிக்கும். ஆகவே கல்லாற்றில் மரத்தடி வேண்டாம், வானம் அகலமாகத் தெரியும் ஆற்றோரம் நல்லது. மழைக்காலத்தில் பாறைமேல் ஏற வேண்டாம். மலையில் பெய்த மழை இங்கே சொல்லாமல் வந்து சேரும்.

● 500 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, ஃபுல் ஃபிரேம் கேமரா, 20 மீட்டர் தூரத்தில் பறவை. தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய அரை மீட்டர்தான். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நேரே நம்மை நோக்கி வரும் பறவை நொடிக்கு 10 மீட்டர் கடக்கிறது. பொத்தானை அழுத்தியபின் ஷட்டர் திறக்க நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆனாலும், அதற்குள் அது அந்த அரை மீட்டரைத் தாண்டிவிடும். அதனால்தான் தொடர் ஃபோகஸ் முறை, பறவை இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைப்பதில்லை. அடுத்து எங்கே இருக்கும் என்று கணித்து லென்ஸை நகர்த்துகிறது. கேனனில் இதற்கு ஏஐ சர்வோ என்று பெயர், நிகானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. கணிப்புக்குத் தகவல் வேண்டும். ஆகவே பறவை நெருங்கும்வரை காத்திருக்காமல், தூரத்தில் வரும்போதே ஃபோகஸைத் தொடங்கிவிடுங்கள்.

● டிஎஸ்எல்ஆர் கேமராவின் ஃபோகஸ் சென்சார் கண்ணாடிக்குக் கீழே, கேமராவின் அடித்தளத்தில் இருக்கிறது. படம் பிடிக்கக் கண்ணாடி மேலே எழும் ஒவ்வொரு தடவையும் அதற்குக் கண் தெரியாது. கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் இந்தக் குருட்டுக் கணம் இல்லை.

● பறவையைச் 'சுட்ட' முதல் கேமராக்களில் ஒன்று துப்பாக்கி வடிவிலேயே இருந்தது. பிரான்சின் எத்தியேன்-ஜூல் மாரே 1882இல் செய்த அந்தக் கருவி நொடிக்கு 12 படங்கள் எடுத்தது. சிறகு எப்படி அசைகிறது என்று அறிவதே அவர் நோக்கம். நூற்றாண்டு கழித்துக்கூட நொடிக்கு அத்தனை படம் எடுக்காத கேமராக்களை நாம் பெருமையோடு தோளில் மாட்டித் திரிந்தோம்!

● பறவை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்து வெளிவரும் அந்த அரை நொடியில் கேமரா மரத்தைப் பிடித்துக்கொள்கிறதா? மெனுவில் அதற்கு மருந்து உண்டு. குறுக்கே ஏதாவது வந்தால் உடனே தாவாமல் சற்றுப் பொறுக்கச் சொல்லும் அமைப்பு அது. கேனனில் 'டிராக்கிங் சென்சிடிவிட்டி'யைக் குறைக்க வேண்டும். நிகானில் 'லாக்-ஆன்' தாமதத்தைக் கூட்ட வேண்டும். கல்லாறு போன்ற மரமடர்ந்த இடத்துக்கு, என்னைக் கேட்டால், விலை உயர்ந்த லென்ஸைவிட முதலில் தேவை இதுதான். கூடவே ஒற்றைப் புள்ளியும் வேண்டாம், திரை முழுக்கப் பரவிய புள்ளிகளும் வேண்டாம். நடுவில் சிறு குழுவாக ஐந்தோ ஒன்பதோ போதும்.

● எஃப் 8 என்று வைத்தால் ஃபோகஸ் மந்தமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். டிஎஸ்எல்ஆரில் அப்படி இல்லை: ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும், படம் எடுக்கும் கணத்தில்தான் சுருங்கும். மந்தமாக்குவது டெலிகன்வெர்ட்டர். எஃப் 5.6 லென்ஸில் 1.4 மடங்கு கன்வெர்ட்டரை மாட்டினால் அதன் திறப்பே எஃப் 8 ஆகிவிடும். பழைய டிஎஸ்எல்ஆர் பல, அதோடு ஆட்டோஃபோகஸைக் கைவிட்டுவிடும்.

● கிளம்புவதற்குச் சற்று முன் பல பறவைகள் எச்சமிடும். வால் உயர்ந்தால் விரலைத் தயாராக வையுங்கள்.

● பெரிய இருவாச்சி வருவதற்கு முன்பே அதன் சிறகோசை வந்துவிடும். மலபார் சாம்பல் இருவாச்சிக்கு அத்தனை ஓசை கிடையாது. சிரிப்பது போன்ற குரல்தான் அதன் முன்னறிவிப்பு. இரண்டுமே சிறகடித்து, பிறகு சற்று மிதந்து போகும். மிதக்கும் அந்தக் கணத்தில் உடம்பு குலுங்காது, கண்ணைப் பிடிப்பது எளிது.

● பறவையை அடையாளம் கண்டு கண்ணைத் தேடும் கேமராக்கள் 2020 வாக்கில் பரவலாகத் தொடங்கின. அந்த ஆண்டு கேனன் ஈஓஎஸ் ஆர்5, 2021இல் சோனி ஏ1. அவை வந்தபின் பாதி வித்தை கேமராவுக்குள் போய்விட்டது உண்மை. ஆனால் இலைச்சந்தில் பாய்ந்து போகும் கரிச்சானைச் சட்டத்துக்குள் நிறுத்துவது இன்னும் நம் தோள்பட்டையின் வேலை.

● கண் தெளிவு, சிறகு மட்டும் கலங்கல் என்றால் ஷட்டர் வேகம் போதவில்லை. சிறு பறவைக்கு 1/2000 நொடி வரை போகலாம், சிறகை மெதுவாக அசைக்கும் இருவாச்சிக்கு 1/1250 பெரும்பாலும் போதும். படம் முழுவதும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னணி தெளிந்து பறவை மங்கியிருந்தால்தான் பழி ஃபோகஸ் மேல்.

● ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் பறக்கும் பறவை வேண்டுமென்றால் இருவாச்சிக் கூட்டருகே நிற்கலாம் என்ற யோசனை சிலருக்கு வரும். வேண்டவே வேண்டாம். பொந்துக்குள் அடைபட்டிருக்கும் பெண் பறவைக்கு ஆண் கொண்டுவருவதுதான் சாப்பாடு. ஆள் நின்றால் அது வரத் தயங்கும். பழுத்த அத்திமரம் போதும். அங்கேயும் வந்துபோகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்.

● பயிற்சிக்கு முதலில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்சம் துறைமுகத்துக்குப் போங்கள். மீனுக்காகச் சுற்றும் செம்பருந்துக்கு வெள்ளைத் தலை, செங்காவி உடம்பு, பின்னால் வெறும் வானம். மந்தமான, விலைகுறைந்த கேமராவும் அதைப் பிடித்துவிடும்.