அறுவைச் சிகிச்சைக்கு முந்திய மாலை

பெரிய அறுவைச் சிகிச்சையை எதிர்நோக்கியிருக்கும் நோயாளியைக் காணச் செல்லும் ஆயர் பலர், "பயமே வேண்டாம், எல்லாம் நன்றாக முடியும்" என்றே தொடங்குகின்றனர். நல்லெண்ணத்தோடு கூறப்படும் இச்சொல் நோயாளியின் வாயை அடைத்துவிடக்கூடும். அஞ்சுவது அவிசுவாசம் என்று அவர் விளங்கிக்கொள்வாராயின், அச்சத்தோடு குற்றவுணர்வையும் அவர் சுமக்க நேரிடும்.

அமெரிக்க உளவியலறிஞர் இர்விங் ஜேனிஸ் 1958ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இப்பொருளை ஆராய்ந்தார். அறுவைக்கு முன் சிறிதும் கவலையின்றி இருந்தோர், பின்னர் வலி வந்தபோது சினமும் கசப்பும் கொண்டனர் என்றும், மட்டான அச்சமுடையோரே அதை நன்கு தாங்கினர் என்றும் அவர் கூறினார். பிற்கால ஆய்வுகள் பல இதனை உறுதிப்படுத்தவில்லை. முன்னர் மிகுதியாக அஞ்சுவோர் பின்னரும் மிகுதியாகத் துன்புறுவதையே அவை காட்டின. ஆகவே அச்சம் நல்லது என முடிவு செய்தலாகாது. அதை அடக்கி வைப்பதும் வழியன்று.

பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மயக்க மருத்துவர் லாரன்ஸ் எக்பர்ட்டும் அவருடைய துணைவரும் செய்து 1964இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு அதிகப் பயனுள்ளது. வயிற்று அறுவைக்கு உட்பட்ட 97 பேரில் ஒரு பகுதியினரைச் சந்தித்து, எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், தசைகளைத் தளர்த்துவதும் புரண்டு படுப்பதும் எவ்வாறு என்று விளக்கினர். இவர்களுக்கு அபின் வகை வலிநீக்கி மற்றவர்களைவிடப் பாதியளவே தேவைப்பட்டது; சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே இவர்கள் வீடு திரும்பினர். வலியே இராது என்று எவரும் இவர்களுக்கு வாக்களிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

திருமறையும் இவ்வகையில் நேர்மையானதே. எசேக்கியா சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுதான். அந்தக் கண்ணீரைக் கடவுள் கடிந்துகொள்ளவில்லை. கெத்செமனேயில் நம் ஆண்டவர், பாத்திரம் நீங்கவேண்டுமென்று முதலில் கேட்டார். அதன் பின்னரே தம்மை ஒப்புவித்தார். நாமோ, நோயாளி முதல் விண்ணப்பத்தைச் சொல்லுமுன்னே இரண்டாவதை அவர் சார்பில் ஜெபித்து முடித்துவிடுகிறோம்!

எனவே, "எதை எண்ணி அஞ்சுகிறீர்கள்?" என்று முதலில் கேட்பது நலம். விடை எப்போதும் மரணமாயிராது. மயக்கம் தெளியாமற்போமோ, நடுவில் விழித்துக்கொள்வோமோ என்பது ஒருவருடைய கலக்கம். இதற்கு ஆயர் விடை கூற முயலாமல், மயக்க மருத்துவரிடம் கேட்கத் துணைநிற்பாராக. மகளின் திருமணம், தீராத கடன், பேசாதிருக்கும் சகோதரன் ஆகியவை மற்றொருவருடைய பாரம். இங்கேதான் நமது பணி. சில வேளைகளில் ஒரு கடிதமோ, அச்சகோதரனை அழைத்து வருவதோ நீண்ட ஜெபத்தைவிட உதவும்.

திருவிருந்தை விரும்புவோருக்கு அதனை முந்திய மாலையே அளிப்பது தக்கது. மயக்கம் கொடுக்குமுன் குறைந்தது ஆறு மணி நேரம் திட உணவு விலக்கப்படுவதால், சிகிச்சை நாளின் காலையில் செவிலியரைக் கேளாமல் சிறிதளவு அப்பமும் கொடுத்தலாகாது.